அதிபர் பதில் சொல்லிவிட்டார். துணைக்கேள்வியை யார் கேட்பது?

நாட்டின் அதிபர் தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் உட்கார்ந்து மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் பார்க்கிறவன் நான். நேரலையில் வருவதைப் பார்ப்பேன். பிற நாடுகளின் பழைய நிகழ்ச்சிகளின் எழுத்துப் படிகளையும் தேடிப் படிப்பேன். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்த மறுநாளும் நண்பர்களும் உறவினர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதிவைக்கிறேன்.

நிகழ்ச்சி உங்களுக்குப் பிடித்திருந்ததா?

முதல் அரை மணி நேரம் எப்போதும் பிடிக்கும். ஆட்சியில் இருக்கும் ஒருவர், தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களின் குரலைக் கேட்டுப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. உலக வரலாற்றின் பெரும்பகுதியில் அரசனிடம் கேள்வி கேட்டவனுக்குத் தலை தப்பினாலே பெரிது. அந்த நன்றியுணர்வு எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

பிறகு கோபம் வரத் தொடங்கும். ஒரு பெண் தொலைபேசியில் கேட்கிறார். அதிபர் மூன்று நிமிடம் பேசுகிறார். கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே தெரிகிறது, கேட்டவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடுகிறது. தொகுப்பாளர் 'நன்றி' சொல்லி அடுத்த அழைப்புக்குப் போய்விடுகிறார்.

நாடாளுமன்றங்களில் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். அமைச்சர் சொன்ன பதிலிலிருந்தே எழும் அடுத்த கேள்வியை உறுப்பினர் அங்கேயே எழுந்து கேட்கலாம். அதன் பெயர் துணைக்கேள்வி. இந்திய நாடாளுமன்றத்தில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கும் குறியிடாத கேள்விக்கும் உள்ள முக்கிய வேறுபாடே இதுதான்: முன்னதற்கு அவையில் வாய்மொழியாகப் பதில் வரும், துணைக்கேள்வி கேட்கலாம், பின்னதற்கு எழுத்தில் பதில் வரும், துணைக்கேள்வி கிடையாது. அதிபரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பதில் வாய்மொழியாக வருகிறது, துணைக்கேள்விக்கு மட்டும் இடமில்லை. என் கோபம் முழுவதும் அந்த ஒரு குறையின்மீதுதான்.

ஒரு துணைக்கேள்வி அவ்வளவு பெரிய விஷயமா?

1989 நவம்பர் 9 அன்று மாலை கிழக்கு பெர்லினில், கிழக்கு ஜெர்மனியை ஆண்ட கட்சியின் அரசியல் தலைமைக் குழு உறுப்பினர் குந்தர் ஷாபோவ்ஸ்கி செய்தியாளர்களைச் சந்தித்தார். அவர் அதிபர் அல்ல. ஆனால் சந்திப்பு தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பானது. கூட்டம் முடியும் தறுவாயில், குடிமக்கள் வெளிநாடு செல்வதற்கான புதிய விதிகளை ஒரு தாளிலிருந்து வாசித்தார். அத்துடன் எழுந்து போயிருந்தால் அது இன்னொரு அரசு அறிவிப்பாக மறைந்திருக்கும்.

செய்தியாளர்கள் விடவில்லை. "இது எப்போது நடைமுறைக்கு வருகிறது?" என்று கேட்டார்கள். அவர் தாள்களைப் புரட்டினார். தனக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்றார். விதிகள் மறுநாள்தான் நடைமுறைக்கு வரவிருந்தன என்பது அவருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. செய்தி பரவியது, மக்கள் எல்லைச் சாவடிகளை நோக்கித் திரண்டார்கள், நள்ளிரவுக்கு முன்பே போர்ன்ஹோல்மர் தெருச் சாவடி திறந்துவிடப்பட்டது. பெர்லின் சுவர் விழுந்ததற்குப் பின்னால் பல மாத மக்கள் போராட்டம் இருந்தது; கேள்வி ஒன்றால் மட்டும் அது விழவில்லை. ஆனால் அந்த இரவில் விழுந்ததற்குக் காரணம் 'எப்போது' என்ற ஒற்றைச் சொல். அறிவிப்பு என்பது அரசு தான் சொல்ல விரும்பியதைச் சொல்வது. துணைக்கேள்வி வந்த பிறகுதான் நமக்குத் தேவையான செய்தி வெளியே வருகிறது.

கேள்விகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நடத்துகிறவர்கள்தான். ரஷ்ய அதிபர் புதின் 2001 முதல் நடத்திவரும் 'நேரடித் தொடர்பு' நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் அது 4 மணி 47 நிமிடம் நீடித்தது. வந்த கேள்விகள் 30 லட்சத்துக்கும் அதிகம். பதில் சொல்லப்பட்டவை 85. ஏறக்குறைய 35,000 பேரில் ஒருவருக்கு வாய்ப்பு.

ஜனநாயக நாடுகளிலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறிவிடாது. 1977 மார்ச் 5 அன்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகையிலிருந்து இரண்டு மணி நேரம் மக்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொன்னார். செய்தியாளர் வால்டர் கிராங்கைட் தொகுத்து வழங்கினார், வானொலியில் ஒலிபரப்பானது. சுமார் 90 லட்சம் அழைப்பு முயற்சிகள் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. பேச முடிந்தவர்கள் 42 பேர். லட்சக்கணக்கானவர்களில் சிலரைத்தான் எடுக்க முடியும் என்பதை நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே, என் கேள்வி வரவில்லையே என்று வருந்துவதை விட்டுவிட்டேன். எந்த விதியின்படி எடுத்தீர்கள், எந்தெந்தப் பொருள் பற்றி எத்தனை கேள்விகள் வந்தன என்ற பட்டியலை வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கல்வி பற்றி லட்சம் கேள்வி வந்து, ஒன்றுகூட எடுக்கப்படவில்லை என்றால், அதை அறிவது பல பதில்களைவிட எனக்குப் பயன்படும்.

தேர்ந்தெடுக்கும் வேலையை மக்களிடமே விட்டுவிட்டால்?

செய்து பார்த்திருக்கிறார்கள். 2009 மார்ச் 26 அன்று ஒபாமா வெள்ளை மாளிகையில் இணைய வழியில் ஒரு கேள்வி-பதில் நிகழ்ச்சி நடத்தினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் வந்தன. எதற்குப் பதில் வேண்டும் என்று மக்களே வாக்களித்தார்கள், 36 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. பல பிரிவுகளில் முன்னுக்கு வந்தவை கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது பற்றிய கேள்விகள். ஒபாமா சிரித்துக்கொண்டே, இணையத்தில் இருப்பவர்களைப் பற்றி இது என்ன சொல்கிறதோ தெரியவில்லை என்றார். அரங்கமும் சிரித்தது. பொருளாதாரத்தை வளர்க்க அது நல்ல வழி அல்ல என்று முடித்துவிட்டார்.

ஒரு குழு திட்டமிட்டு வாக்குகளைக் குவித்திருக்கலாம், அந்த ஆபத்து உண்டுதான். இருந்தாலும் அந்தச் சிரிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அதே குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்களின் குடும்பங்களும் அன்று அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருப்பார்கள். 'கூடாது' என்பது ஒரு பதில், அதற்கு ஒரு காரணமும் சொல்லியிருக்க வேண்டும். மக்களிடம் வாக்குக் கேட்டுவிட்டு, வந்த முடிவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

எல்லாம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்ததுதானே?

இரண்டு வேறு விஷயங்களை இங்கே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

தயாரித்துக்கொண்டு வருவது ஒன்று. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் செய்தியாளர் சந்திப்பை 1955 ஜனவரி 19 அன்று முதல்முறையாகத் தொலைக்காட்சிக்காகப் படம்பிடித்தபோது, அவருடைய செய்திச் செயலாளர் பார்த்து அனுமதித்த பிறகே ஒளிபரப்பினார்கள். கென்னடி 1961 ஜனவரி 25 அன்று அதை நேரலையாக்கினார். எந்தெந்தக் கேள்வி வரலாம் என்று அவருடைய அலுவலர்கள் தொகுத்துக் கொடுப்பார்கள், அவர் படித்துவிட்டு வருவார். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தயாரிப்பு இல்லாமல் வரும் அதிபர்தான் நம் நேரத்தை மதிக்காதவர்.

கேள்வியையே நட்டுவைப்பது மற்றொன்று. பிரெஞ்சு அதிபர் டி கோல் எலிசே மாளிகையில் நடத்திய செய்தியாளர் சந்திப்புகளில் முக்கியமான கேள்விகள் முன்பே ஏற்பாடு செய்யப்பட்டவை. பதில்களை அவர் மனப்பாடம் செய்து வந்தார். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரிட்டனைச் சேர்க்க மறுப்பதை 1963 ஜனவரி 14 அன்று அப்படி ஒரு சந்திப்பில்தான் உலகுக்கு அறிவித்தார். அது அழகான உரை, ஆனால் உரை. அதற்குக் கேள்வி-பதில் என்று பெயர் வைக்கும்போது, கேட்கும் உரிமை நமக்கு இருப்பதுபோல ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது.

ஒருவருடைய குறை நேரலையிலேயே தீர்ந்துபோகிறது. அதில் என்ன தவறு?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் கடினமானது. குடிநீர் வராத கிராமத்திலிருந்து ஒருவர் பேசுகிறார், அதிபர் அங்கேயே அதிகாரியைக் கூப்பிடுகிறார், மறுநாள் தண்ணீர் வந்துவிடுகிறது. அந்த வீட்டுக்குத் தண்ணீர் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பல நாள் தவித்தவரின் நிம்மதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் தீரக்கூடிய குறை அத்தனை காலம் ஏன் தீராமல் கிடந்தது? அதே குழாயின் மறுமுனையில் இருக்கும் அடுத்த கிராமத்துக்கு என்ன ஆயிற்று? அதிபரின் காதில் விழுந்தால்தான் அலுவலகம் அசையும் என்றால், அந்த அலுவலகம் சட்டப்படி இயங்கவில்லை, ஒரு மனிதரின் பார்வைக்குப் பயந்து இயங்குகிறது. நமக்கு உரிமையாக வர வேண்டியது அங்கே கொடையாக வருகிறது. கொடையாக வாங்கியதற்கு நாம் நன்றியும் சொல்கிறோம்.

2023 டிசம்பர் 14 அன்று ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பெண் புதினிடம் முட்டை விலை ஏறியதைப் பற்றிக் கேட்டார். புதின் வருத்தம் தெரிவித்தார், அரசின் வேலையில் நேர்ந்த கோளாறு என்று ஒப்புக்கொண்டார், நிலைமை சீராகும் என்றார். ஓர் அதிபர் வருத்தம் தெரிவிப்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எந்தத் தேதிக்குள், எந்த அமைச்சகத்தின் பொறுப்பில், விலை எவ்வளவுக்கு இறங்கும் என்று அங்கே திருப்பிக் கேட்க வழி இல்லை. அதே நிகழ்ச்சியின் பெரிய திரையில் மக்கள் அனுப்பிய கடுமையான குறுஞ்செய்திகளும் ஓடின. அவை திரையில் ஓடின, அவ்வளவுதான்.

நிகழ்ச்சி நீளமாக இருந்தால் நேர்மையானது என்று பொருளா?

இல்லை. உக்ரைன் அதிபர் ஸெலன்ஸ்கி 2019 அக்டோபர் 10 அன்று கீவ் நகரின் ஓர் உணவுச் சந்தையில் உட்கார்ந்து 14 மணி நேரத்துக்கும் மேலாகச் செய்தியாளர்களுக்குப் பதில் சொன்னார். அதில் நான் மதிப்பது மணிக்கணக்கை அல்ல, சிறு சிறு குழுவாக மேசைக்கு வந்தவர்கள் மாற்றி மாற்றித் திருப்பிக் கேட்க முடிந்ததைத்தான். வெனிசுவேலா அதிபராக இருந்த சாவேஸின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியும் பல மணி நேரம் ஓடியது. பெரும்பாலும் அவரே பேசிக்கொண்டிருந்தார்.

அதிபர் திரையிலேயே உத்தரவு போட்டால்?

அச்சப்பட வேண்டும். 2008 மார்ச் 2 அன்று சாவேஸ் தம் நிகழ்ச்சியின் நடுவிலேயே பாதுகாப்பு அமைச்சரிடம், கொலம்பிய எல்லைக்குப் பத்துப் பட்டாளங்களை அனுப்பும்படி சொன்னார். முந்தைய நாள் கொலம்பியப் படை ஈக்வடார் மண்ணில் நுழைந்து கொலம்பியக் கிளர்ச்சிக் குழு ஒன்றின் மூத்த தலைவர் ஒருவரைக் கொன்றிருந்தது. அது பற்றி அவருக்கு இருந்த கோபம் வேறு விஷயம். போரில் முடியக்கூடிய ஒரு முடிவு, கேமராவின் முன்னால், யாரும் ஏன் என்று கேட்க முடியாத இடத்தில் எடுக்கப்பட்டது. நல்லவேளையாக ஒரு வாரத்துக்குள் டொமினிக்கன் குடியரசின் தலைநகர் சாந்தோ தொமிங்கோவில் நடந்த மாநாட்டில் தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

பதில் மழுப்பலா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வினைச்சொல்லைக் கவனியுங்கள். நம் மொழியில் இதைப் பிடிப்பது எளிது. 'நடவடிக்கை எடுக்கப்படும்', 'ஆவன செய்யப்படும்', 'பரிசீலிக்கப்பட்டு வருகிறது', 'உரிய முறையில் தீர்வு காணப்படும்' என்று வரும் இடங்களில் எல்லாம் எழுவாயைத் தேடுங்கள். யார் எடுப்பார், யார் செய்வார், யார் பரிசீலிக்கிறார்? ஆள் இருக்க மாட்டார். 'படு' என்ற துணைவினை, செய்கிறவரை வாக்கியத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறது. செய்கிறவர் இல்லாத வாக்கியத்தில் நாளைக்கு யாரைப் பொறுப்பாக்குவது?

அடுத்து, காலத்தைப் பாருங்கள். 'விரைவில்', 'கூடிய சீக்கிரம்', 'வரும் காலத்தில்' ஆகியவற்றுக்கு நாட்காட்டியில் இடம் இல்லை. நேற்று என்ன நடந்தது என்று இறந்தகாலத்தில் கேட்ட கேள்விக்கு எதிர்காலத்தில் பதில் வந்தால், நேற்று நடந்தது சொல்லப்படவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கேட்டவரைப் பாராட்டுவது, கேட்டவரின் ஊரைப் பாராட்டுவது, தம் இளமைக்கால வறுமையை நினைவுகூர்வது. இவை அன்பின் வெளிப்பாடாகவே இருக்கலாம். அவற்றைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். மூன்று நிமிடப் பதில் சில சமயம் இரண்டு வரியில் அடங்கிவிடும், சில சமயம் ஒன்றுமே மிஞ்சாது.

அப்படியானால் நல்ல கேள்வி எப்படி இருக்கும்?

துணைக்கேள்வி கேட்க விட மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, அதையும் முதல் கேள்விக்குள்ளேயே வைத்துக் கட்டுங்கள். 'மருத்துவமனைகளின் நிலை எப்போது மேம்படும்?' என்று கேட்டால் 'விரைவில்' என்று வரும். 'அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பதிந்தவர்கள் இப்போது சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறார்கள்? அடுத்த ஆண்டு இதே தேதியில் அது எத்தனை நாளாக இருக்கும்? ஆகாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். எண், தேதி, பெயர் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. பதில் சொல்லாமல் நழுவினால் பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும்.

சொந்த வாழ்க்கையிலிருந்து கேட்பதும் வலிமையானது. 1992 அக்டோபர் 15 அன்று ரிச்மண்டில் நடந்த தேர்தல் விவாதத்தில் பொதுமக்களில் ஒரு பெண், நாட்டின் கடன் உங்கள் ஒவ்வொருவரின் சொந்த வாழ்க்கையையும் எப்படிப் பாதித்திருக்கிறது என்று கேட்டார். அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ் தடுமாறினார், கேள்வி புரியவில்லை என்றார். அந்தப் பெண் விடாமல் விளக்கினார். தமக்குத் தெரிந்தவர்கள் வீட்டுக் கடனையும் காருக்கான தவணையையும் கட்ட முடியாமல் தவிப்பதைச் சொன்னார். அவருக்குத் திரும்பப் பேச இடம் கிடைத்தது, அந்தச் சில வினாடிகள் அதிபர் ஒருவரைப் பற்றி நாட்டுக்கு நிறையச் சொல்லிவிட்டன.

எதிரான உதாரணமும் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரல் 17 அன்று, அமெரிக்க அரசின் கண்காணிப்பு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் காணொளி மூலம் புதினிடம், ரஷ்யா கோடிக்கணக்கானவர்களின் தகவல் தொடர்புகளை இடைமறித்துச் சேமிக்கிறதா என்று கேட்டார். கூர்மையான கேள்வி. அப்படிப்பட்ட பெருந்திரள் கண்காணிப்பு இல்லை என்று புதின் சொன்னார். கேள்வி அதோடு முடிந்தது. துணைக்கேள்வி இல்லாத இடத்தில் மிகச் சிறந்த கேள்விகூட மறுப்பு ஒன்றுக்கு மேடை அமைத்துக் கொடுத்துவிடும்.

வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற நான் என்ன செய்ய முடியும்?

துணைக்கேள்வியை எழுத்தில் கேட்கலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் பதினான்கு மாதம் வரவில்லை. நிகழ்ச்சிக்கு மூன்று முறை கேள்வி அனுப்பினேன், எடுக்கப்படவில்லை. மூன்றாவது முறை, வேறு யாரோ ஒருவர் ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்டார். நிலுவை விண்ணப்பங்கள் விரைவில் தீர்க்கப்படும் என்று பதில் வந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நமக்கும் சேர்த்துத்தான் சொன்னாரா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிரவே அந்தப் பதிலைச் சொல்லுக்குச் சொல் எழுதினேன். தேதியையும் நேரத்தையும் குறித்தேன். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று கேள்விகள் அனுப்பினேன்: நிகழ்ச்சி நடந்த நாளில் எத்தனை விண்ணப்பங்கள் நிலுவையில் இருந்தன? அந்தப் பதிலுக்குப் பிறகு உங்களுக்கு எழுத்துபூர்வமான உத்தரவு ஏதாவது வந்ததா? வந்திருந்தால் அதன் நகல் எங்கே? உத்தரவு எதுவும் பெறப்படவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியை இணைத்து மேல்முறையீடு செய்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

ஸ்வீடனில் 1766 முதலே அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 1966-இலும், இந்தியாவில் 2005-இலும், இலங்கையில் 2016-இலும் அத்தகைய சட்டங்கள் வந்தன. இந்தியச் சட்டத்தில் பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நாட்டுக்கு நாடு கட்டணமும் காலக்கெடுவும் மாறும், உங்கள் நாட்டில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டங்களின்கீழ் கேட்பதற்கு யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

தொகுப்பாளர்கள் ஏன் குறுக்கே கேட்பதில்லை?

சிலர் கேட்கிறார்கள். கேட்டால் அடுத்த முறை அந்த நாற்காலி கிடைக்காது என்ற நாடுகளும் இருக்கின்றன. அவர்களைத் திட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அழைத்தவரின் இணைப்பைப் பதில் முடியும்வரை துண்டிக்காமல் வைத்திருந்து, "உங்களுக்குப் பதில் கிடைத்ததா?" என்று அவரிடமே ஒரு முறை கேட்டால் போதும். அதற்குப் பத்து வினாடிகூட ஆகாது.

இவ்வளவு குறை இருக்கிறதே, பார்க்காமல் புறக்கணித்தால் என்ன?

நான் புறக்கணிக்க மாட்டேன். அதிபர் தம் வாயால், தேதி குறிக்கப்பட்ட ஒரு நாளில், அத்தனை பேர் பார்க்க ஒன்றைச் சொல்கிறார். அது பதிவாகிறது. அம்மாவின் மேல்முறையீட்டில் நான் முதல் பக்கத்தில் வைத்தது அந்தப் பதிவின் எழுத்துப் படியைத்தான்.

அடுத்த நிகழ்ச்சிக்கும் கேள்வி அனுப்புவீர்களா?

எழுதி வைத்துவிட்டேன். "சென்ற நிகழ்ச்சியில், குடும்ப ஓய்வூதிய நிலுவை விண்ணப்பங்கள் விரைவில் தீர்க்கப்படும் என்றீர்கள். அன்று நிலுவையில் இருந்தவை எத்தனை, இன்று இருப்பவை எத்தனை? அந்த வேலையை யாரிடம், எந்தத் தேதியில் ஒப்படைத்தீர்கள்?" அம்மாவுக்கு இப்போது ஓய்வூதியம் வருகிறது. கேள்வியைப் படித்துக் காட்டியபோது, ஓய்வூதியத்துக்காகத் தன்னுடன் அலுவலக வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்திருக்கிறேன்.